மூன்றில் வைத்த டைமர்

நீங்கள் வாங்கிக் கொடுத்த டீ நன்றாக இருக்கிறது சார். கச்சிராயபாளையத்தில் இவ்வளவு இஞ்சி தட்டிப் போட மாட்டார்கள்.

டைமர் என்றால் என்ன என்று கேட்டீர்கள். சந்தோஷமாகச் சொல்கிறேன். இருபது வருஷமாக மோட்டார்களுக்கு ஸ்டார்ட்டர் பெட்டி மாட்டுகிறவனிடம் இதுவரை யாரும் இப்படி மரியாதையாகக் கேட்டதில்லை. போன கரண்ட் திரும்பியதும் ஊரிலுள்ள மோட்டார்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கிளம்பினால் வோல்டேஜ் படுத்துவிடும். அதற்காகத் தீப்பெட்டி அளவில் ஒரு டைமர் வைப்போம். கரண்ட் வந்ததும் அது எண்ண ஆரம்பிக்கும். குறித்த நேரம் ஆனதும் உள்ளே டிக் என்று ஒரு சத்தம், மோட்டார் ஓடும். எங்கள் பக்கம் எல்லோருக்கும் ஒரு நிமிடம்தான். அதற்குள் ஓடாவிட்டால், மூன்று ஃபேஸில் ஒன்று வரவில்லை, இனி ஓடாது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

செல்லமுத்து என் தங்கை அம்சவள்ளியின் வீட்டுக்காரர். கரும்பாலை வைத்து வெல்லம் காய்ச்சுபவர். நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். மகள் சுபஸ்ரீயின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீரோடு போனவனை, “செத்த நில்லு மச்சான், பெரிய மனுசங்க வந்துக்கினு இருக்காங்க” என்று மண்டப வாசலிலேயே நிறுத்தினார். மூன்று மணி நேரம். நான் போட வேண்டிய முதல் மாலையை யாரோ ஒரு காண்ட்ராக்டர் போட்டார். வயிறு எரிந்தது, உங்களிடம் மறைக்கவில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு வந்தேன். பொறுத்தார் பூமி ஆள்வார் இல்லையா.

தை மாதம் ஆலை ஸ்டார்ட்டரைப் பார்க்கக் கூப்பிட்டார். பார்த்தேன். டைமரின் திருகை ஒன்றிலிருந்து மூன்றுக்குத் தள்ளி வைத்தேன், அவ்வளவுதான். அவர் என்னை நிறுத்தியது மூன்று மணி நேரம், நான் அவரை மூன்று நிமிடம். என்னுடையது எவ்வளவோ கம்மி.

மறுநாள் காலை எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஆலையில் கரும்பு அரைபட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் வந்தது. ஒரு நிமிடமும் கடந்தது. “ரெண்டு ஃபேஸ்தான் வந்துக்குது” என்றார் செல்லமுத்து. உருளைகளுக்கு நடுவே சிக்கிய கரும்பைப் பிடுங்கக் கையை உள்ளே விட்டார். டைமர் ஒரு நொடிகூடப் பிசகவில்லை சார், என் வேலை அப்படி. உருளைகள் கையைத் தோள்வரை இழுத்துவிட்டன. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேரவில்லை.

சாவு வீட்டுக்குக் கோடிச் சேலை கொண்டுபோனேன். வாசலில் யாரும் நிறுத்தவில்லை. “வழி வுடுங்க, பொறந்த வூட்டுக் கோடி வருது” என்று கூட்டமே ஒதுங்கியது. மனசுக்கு நிறைவாக இருந்தது. அம்சவள்ளி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவருக்குக் கெடுதல் நினைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவர் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் அவருக்கும் கேட்டிருக்கும், இன்னும் இரண்டு நிமிடம் மிச்சமிருந்தது. டீ சூடாக இருந்தது சார், மெதுவாகத்தான் குடிக்க முடிந்தது.