மூன்று முகங்களுக்கு ஒரு குரல்

மூன்று பட்லர்களில் யார் உசத்தி என்று ஸ்டேஷனுக்கு வரும் வழியில் உங்கள் காவலர் கேட்டார், சார். நல்ல கேள்விதான். முகமூடி வீரன் படங்களில், அவனைத் தூக்கி வளர்த்த பட்லராக மூன்று நடிகர்கள் வந்திருக்கிறார்கள். நம் மொழியில் முதல் இருவருக்கும் குரல் கொடுத்தவன் நான். பத்தொன்பது வருடம்.

முதலாமவர் கண்ணாலேயே பேசுவார். எஜமானின் காயத்துக்குக் கட்டுப் போடும்போதுகூட ஏன் என்று கேட்கமாட்டார். இரண்டாமவருக்கு வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கொண்டுவரும் காபி ஆறியிருக்காது. மூன்றாமவர் வயதில் சிறியவர், விறைப்பானவர். புதிய படத்தில் "நான் போறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டைவிட்டே வெளியேறுகிறார். உப்பிட்டவரை விட்டு ஒருவன் அப்படிப் போவானா?

அவருக்கு வேறு குரல் போட்டார்கள். பேச வந்தவர் என்னிடம் தொழில் பழகியவர்தான், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். டப்பிங் இயக்குநர் என்னிடம் நயமாகவே சொன்னார்: "உங்க குரலுக்கு வயசாயிடுச்சுண்ணே. பக்கத்துல உக்காந்து அவனுக்குச் சொல்லிக் குடுங்க."

உட்கார்ந்தேன். தினமும் வெந்நீர் பிளாஸ்க்கையும் நானே கொண்டுபோனேன். "போறேன்" என்பதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். வருத்தம் வேண்டும் என்று நான்கு முறை திருத்தினேன்.

"விடுங்கண்ணே. வேலைக்காரன்தானே, வேற வீடு பாத்துக்குவான்."

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை, கழிவுக்குழாய் அடைப்பை எடுக்கும் திரவத்தை பிளாஸ்க்கில் கலந்தேன். நாக்கில் பட்டதும் அவர் துப்பியிருக்கலாம். ஆனால் டேக்குக்கு முன்னால் ஒரே மடக்கில் குடிப்பது அவர் வழக்கம். அந்த வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

மீதிப் படத்தை நானே பேசி முடித்தேன். மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போவேன். தொண்டையில் குழாய், பேச்சு இனி வராது என்றார்கள். அவர் கண்ணசைப்பதை அவர் மனைவிக்கு நான்தான் எடுத்துச் சொன்னேன். ஜன்னலை மூடச் சொல்கிறார், பிள்ளைகளை அழைத்துவர வேண்டாம் என்கிறார், இப்படி. "அண்ணன் இல்லைன்னா எங்களுக்கு யாரு இருக்கா" என்று அந்தப் பெண் அழுதாள். ஒருநாள் பேனா கேட்டுக் கை நீட்டினார். கை நடுங்குகிறதே, பிறகு எழுதலாம் என்று அதை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நேற்று நான் போகத் தாமதமாகிவிட்டது. அதற்குள் நர்ஸிடம் தாள் வாங்கி, என் பெயரை மட்டும் எழுதிக் காட்டினாராமே.

தேடியிருப்பார், பாவம்.