தட்டு மாற்றும்போது பாட வேண்டிய வரி

தைப்பூசத்துக்கு அடுத்த சனிக்கிழமை, சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவிலிருந்து தெம்பனிஸ் போகும் ரயிலில் கேட்டது. எதிர் இருக்கையில் வெற்றிலைப் பையை மடியில் வைத்திருந்த ஒரு பெண். ஒரு பக்கம் அவர் கணவர், மறுபக்கம் தம்பி.

“நாளைக்கு நிச்சயத்துல மச்சான் பாடத்தான் போறாராக்கா?” என்றார் தம்பி.

“வேற என்ன செய்ய? ஸ்ட்ரோக் வந்து மூளையில இடது பக்கம் அடிபட்டுருச்சு. பேச்சு அங்கதானாம். பாட்டுக்கு வலது பக்கமும் வேலை செய்யுமாம், அது நல்லாவே இருக்கு. அதான் எதையும் ராகம் போட்டுச் சொல்லச் சொல்றாங்க. இன்னைக்குக் காப்பி கேட்டதே காவடிப் பாட்டு மெட்டுலதான்.”

“சம்பந்தி வீட்டுல சிரிப்பாங்க லா.”

“சிரிக்கட்டும். பொண்ணப் பெத்தவர் வாயால சொல்லாம எப்படித் தட்டு மாத்துறது? ஏங்க, ஒரு தடவை பாடுங்க. ‘எங்க பொண்ண உங்க வீட்டுக்குக் குடுக்குறோம்.’”

கணவர் தொண்டையைச் செருமினார். இடது கையால் தொடையில் தாளம் தட்டியபடி, சுருதி பிசகாமல், பெட்டி முழுவதும் கேட்கும்படி பாடினார்.

“எங்க பொண்ண... உங்க வீட்டுக்கு... குடுக்க மாட்டேன்!”

தம்பி பதறினார். “அக்கா, மூளை வார்த்தைய மாத்திருச்சு. டாக்டருக்கு ஃபோன் போடு!”

“டாக்டர் எதுக்குடா? இது மூளைக் கோளாறு இல்ல, இவரேதான்.” முந்தானையால் கணவரின் கன்னத்தைத் துடைத்துவிட்டார். “ஏங்க, அவ நமக்கு அடுத்த பிளாக்குக்குத்தான் போறா. அழாம முதல்லேர்ந்து பாடுங்க.”