தைமஸ் துண்டு

நாத்தனார்: ...ஒரு கண்ணை மூடாதீங்க அண்ணி. ரெண்டு கண்ணாலயும் பாருங்க.

அண்ணி: இருட்டாத்தான் தெரியுது.

நாத்தனார்: மைக்ராஸ்கோப்போட இந்தத் திருகை லேசாத் திருப்புங்க. லேசா... குக்கர் மூடி இல்ல இது.

அண்ணி: கிண்டல் பண்ணாத... ஆங். உருண்டை உருண்டையா. இதுவா?

நாத்தனார்: இதுதான். தைமஸ்ல இருந்து எடுத்த செல்லுங்க.

அண்ணி: உங்கண்ணன் வாய்ல அந்தப் பேரு நுழையல. "தங்கச்சி லேப்ல புள்ள இன்னும் உயிரோட இருக்கான்"னு சொல்லிட்டே இருக்காரு.

நாத்தனார்: தைமஸ்ங்கறது நெஞ்சுல இருக்கற ஒரு சுரப்பி, ஹார்ட்டை மூடிக்கிட்டு இருக்கும் அண்ணி. குழந்தைக்கு நெஞ்சைத் தொறந்ததும் அதுல ஒரு துண்டை வெட்டினாத்தான் டாக்டருக்கு ஹார்ட் தெரியும். வெட்டினதை எங்களுக்குக் குடுத்துடுவாங்க.

அண்ணி: ம்... இங்க இருந்து என்ன பண்ணுதுங்க?

நாத்தனார்: கை செய்யுதுங்க. கிருமியைத் தொட்டுக் கண்டுபிடிக்கற கை. தன்னோட ஜீனையே வெட்டி ஒட்டி, முதல்ல பாதி செய்யும். அதை ஒரு தற்காலிகத் துணையோட கோத்துப் பாக்கும். சேர்ந்துச்சுன்னா உள்ள சிக்னல் போகும், நீ இருக்கலாம்னு. அப்புறம்தான் மறுபாதி.

அண்ணி: சேரலன்னா?

நாத்தனார்: சிக்னல் வராது. அங்கயே...

அண்ணி: செத்துடும்னு சொல்லு. புள்ள போனதுல இருந்து அந்த வார்த்தையை யாரும் என் முன்னாடி சொல்றதில்ல.

நாத்தனார்: செத்துடும். முழுக் கை வந்தப்புறமும் ஒரு பரீட்சை இருக்கு. நம்ம உடம்பையே தொட்டுப் பாக்கணும். லேசாத் தொட்டா பிழைக்கும். தொடத் தெரியலன்னா பிழைக்காது. இறுக்கிப் பிடிச்சாலும் பிழைக்காது.

அண்ணி: இறுக்கிப் பிடிச்சா என்ன தப்பு?

நாத்தனார்: பின்னாடி உடம்பையே தாக்கிடும்ல... அண்ணி, கொஞ்சம் உட்காருங்க. லென்ஸ் நனையுது.

அண்ணி: நனைஞ்சா துடைச்சுக்கோ... பளிச்சுனு, தெம்பா இருக்குதுங்க.

நாத்தனார்: ம்.

அண்ணி: நம்ம புள்ள தெம்பா இருந்ததே இல்ல. பால் குடிக்கவே மூச்சு வாங்குவான்.

நாத்தனார்: அது வேற அண்ணி, இது...

அண்ணி: இது எந்தக் குழந்தையோடது?

நாத்தனார்: அண்ணி...

அண்ணி: சொல்லு. கோவிச்சுக்க மாட்டேன்.

நாத்தனார்: ...வேற ஒரு குழந்தையோடது. அது நல்லாயிருக்கு. வீட்டுக்குப் போயிடுச்சு. அண்ணன் கதறினதை என்னால தாங்க முடியல, வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன். நம்ம புள்ளயோடது எங்ககிட்ட வரவே இல்ல.

அண்ணி: எப்படி வரும்? மயக்க மருந்து குடுத்தப்பவே போயிட்டான். நெஞ்சைத் தொறக்கவே இல்லன்னு டாக்டர் என்கிட்டதான் சொன்னாரு. உங்கண்ணன் ரத்தம் வாங்க ஓடியிருந்தாரு, அவருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது... வெளியிலதான் நிக்கறாரு. முகத்தைத் துடைச்சுக்கிட்டுக் கூப்பிடு. என்கிட்ட முதல்ல சொன்ன மாதிரியே அவருக்கும் சொல்லு.