‘உட்காருங்கம்மா’ என்றொரு சொல்

அவைத் தலைவர் அவர்களே, அடுத்துப் பேசக் காத்திருக்கும் அன்பர்களே, கடையடைத்துக் களைப்போடு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே, முன்வரிசை முதியோரே, மடியில் மழலையோடு வந்திருக்கும் தாய்மார்களே! பாளையம்பட்டி வியாபாரிகள் சங்கத்தின் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு விழாவில், ராஜகுருவின் வணக்கம்.

சங்கத்தின் சாதனையைப் பேச அழைத்தார்கள். எனக்கோ மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. நாற்காலியைக் கண்டாலே எரிச்சல் வருகிறது. ஏன்?

சென்ற மாசியில் இருவர் வழுக்கி விழுந்தார்கள். ஒருவர் பந்தல்குடி கங்கம்மாள். இன்னொருத்தி என் உடன்பிறந்த அக்கா சந்தனம்மாள். இருவருக்கும் இடுப்பெலும்பு முறிவு. மதுரையில் ஒரே டாக்டர், ஒரே ஆபரேஷன். பிறகுதான் பாதை பிரிந்தது.

கங்கம்மாளை அவர் மகன் அங்கேயே நடைப்பயிற்சி வார்டில் விட்டார். ஊர் விட்டதா? “பெத்தவள ஆஸ்பத்திரியில தள்ளிட்டு வந்துட்டான்யா!” என்று வறுத்தெடுத்தது. அங்கே நர்சம்மா அதட்டினார், அரட்டினார், அழ அழ நடக்க வைத்தார். அந்த அம்மாள் இன்று கம்பூன்றி நடந்து பஸ் ஏறுகிறார்!

என் அக்காவைப் பிள்ளைகள் பூப்போல வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எழப் பார்த்தால், “உக்காருங்கம்மா, நாங்க இருக்கோம்ல!” தண்ணீருக்குக் கை நீட்டினால், “உக்காருங்கம்மா!” அன்பால் சொன்னார்கள் ஐயா, அன்பால்! அந்த அன்பிலேயே அவள் கால் விறைத்துப்போனது.

என்ன தம்பி அங்கே? “அப்ப வீட்ல வச்சுப் பாக்குறது தப்பா?” நல்ல கேள்வி. நடக்க விட்டால் வீடும் வார்டுதான். படுக்கவே போட்டால் வார்டிலும் இதே கதிதான். ஆனால் எங்கள் வீட்டில் அதட்ட யாருக்கும் மனம் வரவில்லையே!

இப்போதே பயிற்சிக்கு வந்தால் கால் பிழைக்கும், தள்ளிப்போட்டால் பிழைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளைக் காலையில் மதுரைக்கு அழைத்துப்போக வேன் வருகிறது. மூத்த பிள்ளை சௌந்தரபாண்டியன், “ஊரு என்ன பேசும் மாமா?” என்று தயங்குகிறார். ஊரே! இதோ எதிரே இருக்கிறாய். என்ன பேசுவாய்? சொல்!

தலைவர் என் சட்டையை இழுக்கிறார், “நேரமாச்சு, உக்காருங்க” என்று. தலைவரே, அந்தச் சொல் மட்டும் வேண்டாம்!

தாய்மார்கள் பக்கம் என்ன சலசலப்பு? பிள்ளைகள் நாற்காலியோடு தூக்கி வந்தார்களே, அந்த என் அக்காவா பேசுவது? கேட்டீர்களா?

“ஊரு பேசுறத நான் கேட்டுக்கிடுறேன் பாண்டி. காலையில நான் போறேன். தூக்காத. தோளை மட்டும் குடு.”

எழுகிறாள்! கை தட்டாதீர்கள், பதறிவிடுவாள். பாண்டி மாப்பிள்ளை, தோள் கொடுங்கள்... அப்படித்தான்.

பெரியோர்களே, நன்றி கூறி அமர்கிறேன் என்று முடிப்பது மேடை வழக்கம். என் அக்கா நிற்கிறாள். நான் எப்படி அமர்வேன்? நின்றபடியே உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.