கடைசிப் பதினாறு பக்கங்கள்

உட்காருங்கள் சார். அந்த நாற்காலியில் பசை ஒட்டாது, இப்போதுதான் துடைத்தேன். ஒரு பதிப்பகத்தின் மேலாளர் எங்கள் பைண்டிங் கூடத்துக்கு நேரில் வருவது இதுதான் முதல் தடவை.

நீங்கள் கொண்டுவந்த கடிதத்தைப் படித்தேன். எழுதியவர் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் போலிருக்கிறது. உங்கள் நாவல் தொடரில் ஒன்பதாம் பாகத்தின் முன்பக்கத்தில் ‘பக்கங்கள்: 352’ என்று போட்டிருக்கிறதாம், எண்ணினால் 336தான் வருகிறதாம், மீதிப் பதினாறு எங்கே என்று கேட்கிறார். மூவாயிரம் பேர் அந்தப் புத்தகத்தைப் படித்து, அழுது, சண்டை போட்டு, ராத்தூக்கம் இல்லாமல் கிடந்தார்கள். எண்ணிப் பார்த்தது இவர் ஒருத்தர்தான். இப்படிப்பட்ட மனிதருக்கு மழுப்பலாகப் பதில் சொல்லக் கூடாது. பதினாறு பக்கத்தையும் எடுத்தது நான்தான்.

மெஷின் கோளாறு என்று எங்கள் முதலாளி சொல்லியிருப்பார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. மெஷினுக்கு அவ்வளவு மூளையும் கிடையாது.

ஒரு பெரிய தாள், அதில் ஒரு புறம் எட்டுப் பக்கம், மறுபுறம் எட்டுப் பக்கம். அதை மடித்தால் பதினாறு பக்கக் கட்டு. அதைத்தான் நாங்கள் பாரம் என்கிறோம். ஒன்பதாம் பாகம் மொத்தம் இருபத்திரண்டு பாரம். மேஜையைச் சுற்றி நடந்து அவற்றை வரிசையாக அடுக்குவது ஆறு பெண்களின் வேலை, அவர்களுக்குப் பொறுப்பு நான். பத்தொன்பது வருஷத்தில் என் மேஜையில் ஒரு பாரம்கூட முன்பின் ஆனதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, தப்பு தற்செயலாக நடக்கவில்லை என்று நீங்கள் புரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன்.

காரணம் என் தங்கை. சின்னவள் என்றுதான் கூப்பிடுவேன். முப்பத்தாறு வயது, கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். உங்கள் தொடர் அவளுக்கு உயிர். கதையில் மின்சார மீட்டர் கணக்கெடுக்கப் போகிறவள் ஒரு பழைய கட்டடத்து லிஃப்டில், அடித்தளத்துக்கும் கீழே இன்னொரு தளத்துக்குப் பொத்தான் இருப்பதைக் கண்டுபிடிக்கிறாள். கீழே ஒரு நகரம். அங்கே யாருக்கும் சாவு கிடையாது, நிழலும் கிடையாது. அங்கே ஒருவன் முந்நூறு வருஷமாக இவளுக்காகவே காத்திருந்த மாதிரி நிற்கிறான். வாசகிகள் அவனை ‘நம்ம ஆளு’ என்பார்கள். எட்டுப் பாகமாக இவள் மேலும் கீழும் போய்வந்தாள். இனி ஒரே ஒரு தடவைதான் லிஃப்ட் ஓடும், கீழே போய்விடுவதா மேலேயே இருந்துவிடுவதா என்பதுதான் ஒன்பதாம் பாகம்.

சின்னவள் வெறுமனே படிக்கிற ரகம் இல்லை. நாலாம் பாகத்தில் அந்தப் பெண் வேலையை விட்டாள், இவளும் கடை மாறினாள். ஐந்தில் அவள் முடியை வெட்டிக்கொண்டாள், இவளும் போய் வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். நான் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தேன். முடிதானே, வளரும்.

பிறகு ஒருவர் வந்தார். குளிர்பதனக் கிடங்கில் இரவு மேற்பார்வையாளர், பகலில் தூங்குகிறவர். கண்ணாடிக்கு அளவு கொடுக்க அவள் கடைக்குப் போன இடத்தில் பழக்கம். நல்ல மனிதர், அதை நான் எங்கேயும் மறுக்க மாட்டேன். அவருக்குப் பன்னிரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு துறைமுகத்துக்கு மாற்றல் வந்தது. கல்யாணம் செய்துகொண்டு போய்விடலாம் என்றார். சின்னவள் இரண்டு மாதம் தவணை கேட்டாள்.

“கடைசிப் பாகம் வரட்டும்க்கா. அவ என்ன பண்றான்னு பாத்துட்டுச் சொல்றேன்.”

“லூசாடி நீ?”

“சும்மா சொன்னேன்” என்றாள். சும்மா சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அவளைத் தூக்கி வளர்த்தவள் நான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கடைசிப் பாரத்தின் ஒரு புறம் மட்டும் அச்சாகி, மை காய்வதற்காக அடுக்கிக் கிடந்தது. மறுபுறம் அடுத்த நாள்தான் ஓடும். சாப்பாட்டு வேளையில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விரித்த தாளில் பக்கங்கள் வரிசையாக இருக்காது, பாதி தலைகீழாக நிற்கும். தாளைச் சுற்றிச் சுற்றிப் படித்தேன். 337இல் அவள் கீழே இறங்குகிறாள். 345இல் அவள் நிழல் வெளுக்கிறது. 349இல் ‘வெயில் என்று ஒன்று இருந்ததே அவளுக்கு மறந்துபோயிற்று’ என்று வருகிறது. அந்தப் புறத்தில் அதற்கு அடுத்தது 352, உங்கள் மற்ற வெளியீடுகளின் பட்டியல்.

350, 351 இரண்டும் மறுபுறத்தில் வரும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வெயிலே மறந்துபோனவளுக்கு இன்னும் இரண்டு பக்கத்தில் என்ன பெரிதாக நடந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். எட்டுப் பக்கம் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

மற்றது சுலபம். 336ஆம் பக்கம் ‘அவள் லிஃப்டுக்குள் நுழைந்து பொத்தானின் மேல் விரலை வைத்தாள்.’ என்று முற்றுப்புள்ளியோடு முடிகிறது. ஆர்டர் கொடுத்துச் செய்தது போல இருந்தது. “இருபத்தொண்ணோட முடியுதும்மா, மேல இருக்கறது வேற வேலை” என்று பெண்களிடம் சொன்னேன். மூவாயிரம் கட்டும் கழிவுத்தாள் வண்டியில் ஏறிப் போயின. நினைவுக்காக ஒன்றை மட்டும் மடித்தபடியே பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், சொல்லச் சொல்ல எனக்கே சிரிப்பு வருகிறது. வெளியீட்டு விழா முடிந்த மறுநாள் காலையில் எழுத்தாளர் அம்மா உங்கள் ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்தினாராம். பதினோரு மணிக்கு முதல் விமர்சனம் வந்தது, துணிச்சலான முடிவு என்று. பன்னிரண்டு மணிக்கு அவர் குரல் இறங்கிவிட்டதாம். மூன்றாம் நாள் பேட்டியில் “முடிவை என் வாசகர் கையில் கொடுத்துவிட்டேன்” என்றார். அந்தப் பேட்டியை இரண்டு தடவை கேட்டேன். குரலில் ஒரு நடுக்கம் இல்லை, கெட்டிக்காரி.

வாசகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். மேல் கட்சி, கீழ் கட்சி. ஒரு கல்லூரி கேன்டீனில் இரண்டு கட்சிக்கும் தனித்தனி மேஜை. ஒரு பல் டாக்டரம்மா தன் கணவர் மேல் கட்சி என்று தெரிந்து நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். ஊரில் இருக்கிற லிஃப்டில் எல்லாம் அடித்தளப் பொத்தானைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், ஞாபகார்த்தமாக. லிஃப்ட் பழுதுபார்க்கிறவர்கள் எழுத்தாளரைத் திட்டினார்கள். என்னைத் திட்டியிருக்க வேண்டும்.

இதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு. உங்கள் வாசகர் பக்கத்தில் மேல் கட்சிக்காக நீள நீளமாக எழுதிய பதினோரு பேரில் ஒன்பது பேர் நான்தான். ஒருத்தியைத் தாதி ஆக்கினேன், ஒருத்தியைப் பேருந்து நடத்துனர் ஆக்கினேன். ‘பெற்று வளர்த்த வீட்டை விட்டுவிட்டு நிழல் இல்லாதவனோடு போகிறவளை நான் நாயகி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்’ என்று எழுதியது தாதி. அறுநூறு பேர் அதை ஆமோதித்தார்கள்.

சின்னவள் அதைச் சாப்பிடும்போது எனக்கே சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

“இத எழுதுனவ சரியான பயந்தாங்கொள்ளிக்கா.”

“ஏன், நியாயமாத்தானே சொல்லியிருக்கா?”

“என்ன நியாயம்? அவ ஏற்கெனவே மேலதான் நிக்கறா. மேலயே இருக்கணும்னா எதுக்குப் பொத்தான்? திரும்பி நடந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதானே.”

இந்தச் சாதாரண விஷயம் அதுவரைக்கும் என் மண்டையில் உறைக்கவே இல்லை. பத்தொன்பது வருஷம் பாரம் அடுக்கியவள், மிகச் சரியாக அந்த இடத்தில் வெட்டி, அவளைக் கையைப் பிடித்துக் கீழே அனுப்பிவைத்திருக்கிறேன். சின்னவள் அன்றைக்கே கல்யாணத்துக்குச் சரி என்று அவரிடம் சொல்லிவிட்டாள். பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

அவர்கள் போய் ஒரு மாதம் கழித்து அந்தக் கட்டை எடுத்தேன். மடித்த பாரத்தை வெட்டாமல் உள்பக்கங்களைப் படிக்க முடியாது. காய் நறுக்குகிற கத்தியால் ஓரத்தைக் கீறினேன்.

350இல் அவளுக்கு வெயில் ஞாபகம் வருகிறது. லிஃப்ட் ஓடாது என்று தெரிந்ததும் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படி வழியாக ஏறுகிறாள். ஏற ஏற அவனுக்கு நரை விழுகிறது. 351இல் தெருவுக்கு வருகிறார்கள், அவன் காலடியில் நாணயம் அளவுக்கு ஒரு நிழல். வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறார்கள். அவளுடைய அக்கா திறக்கிறாள். அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “செருப்ப வெளியில விடுங்க” என்று சொல்லி, இன்னொரு தட்டு எடுக்க உள்ளே போகிறாள். அவ்வளவுதான் முடிவு. நன்றாகவே எழுதியிருக்கிறார். அப்படி ஒரு முடிவு தான் எழுதியதே இல்லை என்று இப்போது அவரே சாதிப்பார், கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அது உங்கள் விசாரணையில் வராது, ஆனால் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு போவீர்கள். புத்தகம் வருவதற்கு ஒரு வாரம் முன்பு அந்தக் குளிர்பதனக் கிடங்குக்காரர் இங்கே வந்தார், நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலிதான்.

“மாற்றல் வேணாம்னு எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன். நானே உங்க வீட்டுக்கு வந்துடட்டுமா? மூணு பேருமா இருக்கலாம். உங்களக் கேக்காம அவகிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் வந்தேன்.”

“வீடு சின்னது, மூணு பேருக்குக் காணாது” என்றேன். “நீங்க கேட்டதா அவகிட்டச் சொல்லாதீங்க, வருத்தப்படுவா.”

தலையாட்டிவிட்டுப் போனார். வாக்குத் தவறாத மனிதர், இன்று வரைக்கும் சொல்லவில்லை. அவர் தனியாகப் போய்விடுவார், இவள் என்னோடு இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். வீட்டில் இரண்டு அறை இருக்கிறது. மூன்று பேருக்குத் தாராளமாகக் காணும்.

சின்னவள் முதலில் வாரம் ஒரு தடவை பேசினாள், இப்போது மாதம் ஒரு தடவை. “நீயும் இங்க வந்துடேன்க்கா” என்பாள். பேச்சுக்குச் சொல்கிறாள். அங்கே வீடு வாங்க முன்பணம் கொடுத்துவிட்டார்களாம்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். என்னை வேலையை விட்டு எடுக்க வேண்டுமென்றால் எடுங்கள். தணிக்கைக்காரருக்கு மன்னிப்புக் கடிதமும் நானே எழுதித் தருகிறேன். அந்த ஒரு கட்டை மட்டும் கேட்காதீர்கள், அதைத் தர முடியாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சின்னவளின் அறையை ஒழித்து, பழைய கட்டிலைத் தள்ளிவிட்டு இரண்டு பேருக்குப் படுக்கை போட்டு வைத்திருக்கிறேன். அவள் வந்துவிடுவாள் சார், அவரையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் வருவாள். 351ஆம் பக்கத்தில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது.