தங்க அட்டைக்கு நான்கு விமானம்

ஜன்னலோர இருக்கை எனக்குப் பிடிக்காது, ஐயா. நடைவழி ஓரம் என்றால் யார் காலையும் மிதிக்காமல் எழுந்து போகலாம். அடுத்தவருக்குத் தொந்தரவு தராமலே வாழ்ந்து பழகியவன் நான்.

அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் தரும் தங்க அட்டைக்கு எனக்கு இன்னும் நான்கு பயணம் தேவைப்பட்டது. வருடம் முடிய ஆறே நாள். தூரம் முக்கியமில்லை, எத்தனை விமானம் ஏறி இறங்கினோம் என்றுதான் பார்ப்பார்கள். அந்தச் சமயத்தில்தான் அப்பாவின் இதய அறுவை சிகிச்சைக்கு வெளியூரில் தேதி கிடைத்தது. இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரும் நேர் விமானம் இருந்தது. நான் மூன்று ஊரில் மாறிப் போகும்படி டிக்கெட் எடுத்தேன். அக்காவிடம், நேர் விமானத்தில் இடமில்லை என்றேன்.

அப்பா முப்பது வருடம் பஸ் ஓட்டியவர்.

"நேர் வண்டி இருக்கறப்ப எவன்டா மாறி மாறி ஏறுவான்?" என்றார். பிறகு அவரே, "சரி, நீ படிச்சவன். உனக்குத் தெரியாதா" என்றார்.

இரண்டாவது ஊரில் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. மூன்றாவது ஊரில் உதடு நீலம் பாய்ந்திருந்தது. கொஞ்சம் படுக்க வேண்டும் என்றார். எதிரே ஓய்வறையில் சாய்வு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. தங்க அட்டை இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்றார்கள். விதி அவர்கள் போட்டது, என் கையில் என்ன இருக்கிறது?

விமானம் ஏறும் வாசலில் ஊழியப் பெண் அவரை உற்றுப் பார்த்தாள். உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் ஏற்ற மாட்டார்கள். மஃப்ளரை உதடு மறைய இழுத்துவிட்டு, தூக்கக் கலக்கம் என்றேன். அப்பா என்னையே பார்த்தார். பிறகு ஆமாம் என்று தலையாட்டினார்.

மேலே போன கொஞ்ச நேரத்தில் அவர் தலை என் தோளில் சாய்ந்தது. மூச்சு இருந்தது, மெல்லியதாக. பணிப்பெண்ணை அழைக்கும் பொத்தான் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது. அழுத்தினால் விமானத்தைத் திருப்பிவிடுவார்கள், நான்காவது பயணம் சேராது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை யாராவது உடைப்பார்களா? அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தரை தொட்டபோது மூச்சு இல்லை.

அட்டை நேற்றுத் தபாலில் வந்தது. கூட ஒருவரை ஓய்வறைக்கு அழைத்துப் போகலாமாம். அப்பாவை இனி எங்கேயும் காக்க வைக்கக் கூடாது என்றுதானே, ஐயா, நான் இவ்வளவு பாடுபட்டேன்.