ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம்

— செருப்பைக் கழட்டுங்க. அச்சகம் இன்னிக்குப் பூட்டித்தான் கிடக்காம். உங்க முதலாளியே போன் பண்ணிட்டாரு.

— அதாவது... எப்போ பண்ணாரு?

— நீங்க குளிக்கும்போது. நாளைக்குச் சீக்கிரம் வரணுமாம். அப்போ ஆறு மாசமா ஞாயிறு ஞாயிறு எங்க போறீங்க?

— பஸ்ஸு போயிடும். வந்து சொல்றேனே.

— போகட்டும். ஓவர்டைம் பாத்த கையில மை இருக்கணுமில்ல? திரும்பி வரும்போது சவர சோப்பு வாசனைதான் வருது. உங்க தாடி என்னடான்னா முள்ளு முள்ளா அப்படியே நிக்குது.

— மூக்கா அது, மோப்ப நாயா?

— சிரிக்காதீங்க. யாரு?

— அதாவது... முன்னாடி எனக்கு மாமனாரா இருந்தவரு.

— உங்களை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாளே, அவ அப்பாவா?

— அவரு என்னை வேண்டாம்னு சொல்லலையே.

— சரி, அப்புறம்?

— முதியோர் இல்லத்துல இருக்காரு. கண்ணு போயிடுச்சு, கை நடுங்குது. அங்க மெஷினால இழுத்து விட்டுடுவாங்க. அது அவருக்குப் பிடிக்காது. கன்னத்தை இழுத்துப் பிடிச்சு, ரேசரால மெதுவா பண்ணணும்.

— இதைச் சொல்லிட்டுப் போனா நான் என்ன கடிச்சா வச்சிடுவேன்?

— மொத வாரமே சொல்லியிருக்கணும். ரெண்டாவது வாரம், மொத வாரத்துக்கும் சேத்துச் சொல்லணுமேன்னு வாய் வரல. அப்படியே...

— இதுதான் உங்க வியாதி. யாரு மூஞ்சியும் வாடக் கூடாது. அதுக்கு ஆளுக்கொரு பொய்.

— இன்னும் ஒண்ணு இருக்கு.

— இருக்கும்னு தெரியும். சொல்லுங்க.

— அவருக்கு ஞாபகம் தப்பிடுச்சு. அவ என்னை விட்டுப் போனதே தெரியாது. "மாப்ளே, அவ எங்க?"ம்பாரு. ஜலதோஷம், வீட்ல படுத்திருக்காம்பேன்.

— ஆறு மாசமா ஜலதோஷமா!

— அவருக்கு வாராவாரம் புதுசுதானே. ஆனா போன வாரம் முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. அவளைக் கூட்டிட்டு வந்தப்புறம் கை வைன்னுட்டாரு. சவரம் பண்ணவே விடல.

— நீங்க?

— அடுத்த வாரம் கண்டிப்பா கூட்டிட்டு வர்றேன்னேன்.

— அடுத்த வாரம்னா இன்னிக்கு.

— அதான் காலே எழும்ப மாட்டேங்குது. போகாமலும் இருக்க முடியல.

— அங்க நீங்களும் அவ பேரைச் சொல்லித்தான் பேசுறீங்களா?

— ...ஆமா.

— வீட்ல படுத்திருக்கான்னா, இந்த வீட்லயா?

— அதாவது... வீடுன்னா எனக்கு இந்த வீடுதானே வாயில வரும்.

— தள்ளுங்க. அலமாரியைத் திறக்கணும்.

— கோச்சுக்கிட்டு உங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டியா? ஏய், சொல்லிட்டுப் போ.

— துணி மாத்திட்டு வர்றேன், நில்லுங்க. அவ அவங்க அப்பாவை வாங்க போங்கன்னு பேசுவாளா, வா போன்னா?